மூளை ஆய்வாளரை எண்ணால் அளக்கலாமா? 2 சதவீதப் பட்டியலும் வேலூரின் வலிப்பு ஆய்வும்

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வரும்: ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் வேலூர்ப் பேராசிரியர்கள்’. பெரிய மருத்துவக் கல்லூரியும் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அரசுப் பல்கலைக்கழகமும் இருக்கிற ஊர் என்பதால் பெயர்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. செய்தி வந்த மறுநாளே கேள்விகள் கிளம்பும். பட்டியலில் உள்ள நரம்பியல் மருத்துவர் இல்லாதவரைவிட நன்றாக வைத்தியம் பார்ப்பாரா? நாற்பது ஆண்டு ஆய்வு செய்தவர் பெயர் விடுபட்டு, நேற்று வந்தவர் பெயர் எப்படி வந்தது? எச்-இண்டெக்ஸ் 50 என்றால் அது மார்க்கா, ரேங்க்கா?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல, மூளை, நரம்பு ஆய்வாளர் ஒருவரின் ஆய்வு எப்படி எண்ணப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த எண் எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று பார்க்க முடியும். பார்ப்பதற்கு வேலூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

மேற்கோள்: எல்லா எண்ணுக்கும் மூலப்பொருள்

ஆய்வுக்கட்டுரை எதுவானாலும் அதன் கடைசியில், அது எந்தெந்த முந்தைய கட்டுரைகளைச் சார்ந்து எழுதப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு கட்டுரை இடம்பெற்றால் அதற்கு ஒரு மேற்கோள் கிடைத்ததாகக் கணக்கு. பாராட்டி எழுதினாலும் ஒன்று, ‘இது தவறு’ என்று எழுதினாலும் ஒன்று. எண்ணுகிற கணினி காரணம் கேட்பதில்லை.

எண்ணுகிற இடங்கள் முக்கியமாக மூன்று.

1. வெப் ஆஃப் சயன்ஸ். யூஜின் கார்ஃபீல்டு 1960களில் தொடங்கிய மேற்கோள் அட்டவணையின் இன்றைய வடிவம். தேர்ந்தெடுத்த ஜர்னல்களை மட்டும் எண்ணும்.

2. ஸ்கோப்பஸ். எல்செவியர் நிறுவனத்தினுடையது, 2004ல் வந்தது. இன்னும் கொஞ்சம் அகலமான வலை. செய்தியில் வரும் 2 சதவீதப் பட்டியல் இதன் தரவைக் கொண்டுதான் தயாராகிறது.

3. கூகுள் ஸ்காலர். இதுவும் 2004. ஆய்வேடு, மாநாட்டு உரை, அச்சுக்கு முந்தைய பிரதி என இணையத்தில் அகப்படும் அத்தனையையும் சேர்த்துக்கொள்ளும்.

ஒரே ஆளுக்கு இந்த மூன்றிலும் மூன்று எண் வரும். கூகுள் ஸ்காலரில் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஒருவரின் கூகுள் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோப்பஸ் எண்ணோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. செய்திகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

எச்-இண்டெக்ஸ்: கணக்கைப் போட்டே பார்க்கலாம்

2005ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த அளவு இது. விதி எளிது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் அதிகம் பெற்றது முதலில் வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். குறைந்தது ஆறு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஆறு இருந்து, ஏழு மேற்கோள் பெற்றவை ஏழு இல்லையென்றால், எச்-இண்டெக்ஸ் 6.

ஒன்பது கட்டுரை எழுதிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேற்கோள்கள்: 40, 18, 12, 9, 7, 6, 5, 3, 1. ஆறாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது. ஏழாவதற்கு 5தான் இருக்கிறது. ஆக எச்-இண்டெக்ஸ் 6. மொத்த மேற்கோள் 101. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ-10 என்ற எண், பத்து அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. இங்கே அது 3.

இப்போது முதல் கட்டுரையின் 40ஐ 4,000 ஆக்கிப் பாருங்கள். எச்-இண்டெக்ஸ் அதே 6. ஒரு நோயின் வைத்தியத்தையே மாற்றிய ஒற்றைக் கட்டுரை எழுதியவருக்கும், அப்படி எதையும் எழுதாதவருக்கும் இந்த அளவில் வித்தியாசம் தெரியாது. தொடர்ந்து, பரவலாக, ஓரளவு படிக்கப்படும்படி எழுதுகிறவருக்கே இது சாதகம். வயதும் இதில் ஒளிந்திருக்கிறது: எச்-இண்டெக்ஸ் ஏறும், தேங்கும், ஒருபோதும் இறங்காது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவரையும் இதை வைத்து ஒப்பிடக் கூடாது.

துறையும் எண்ணை மாற்றும். அல்ஸைமர் நோயை ஆராய்கிறவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவரை மேற்கோள் காட்டுவார்கள். நாடாப்புழுவால் வரும் வலிப்பை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தியா, லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று சில இடங்களில்தான். மேற்கோள் காட்டுவதற்கான ஆட்களே குறைவு. இதைச் சரிக்கட்ட, ஒரே துறையில் ஒரே ஆண்டில் வெளிவந்த ஒரே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு ஸ்கோப்பஸில் உண்டு. அதில் 1 என்றால் உலகச் சராசரி, 2 என்றால் அதன் இரண்டு மடங்கு. இருவரை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் எச்-இண்டெக்ஸைவிட இது நியாயமானது.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஆளுக்கான அளவே இல்லை, ஜர்னலுக்கானது. ஒரு ஜர்னல் 2022லும் 2023லும் சேர்த்து 100 கட்டுரை வெளியிட்டு, அவற்றுக்கு 2024ல் 250 மேற்கோள் கிடைத்தால் அந்த ஆண்டு இம்பாக்ட் ஃபேக்டர் 2.5. அந்த 250ல் பாதி நான்கைந்து கட்டுரைகளுக்கே போயிருக்கலாம். ஆகவே ஜர்னலின் எண்ணை அதில் எழுதியவரின் தகுதியாகக் கொள்ளக் கூடாது. ஆய்வு மதிப்பீடு பற்றி 2013ல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் இதைத்தான் வலியுறுத்தியது. ஆனாலும் நேர்காணல் விண்ணப்பங்களில் ‘மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்’ என்று கூட்டிப் போடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

தமிழ்ப் பெயர்களும் இனிஷியல் சிக்கலும்

எந்த எண்ணும் சரியாக வர வேண்டுமானால், ஒருவர் எழுதியது எல்லாம் ஒரே பெயரில் சேர வேண்டும். நம் பக்கத்து ஆய்வாளர்களுக்கு இங்கேதான் அதிகம் அடிபடுகிறது.

மேற்கத்தியத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற அடிப்படையில் கட்டப்பட்டவை. நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. ‘எஸ். குமார்’ என்பவர் ஒரு ஜர்னலில் ‘குமார் எஸ்’ ஆவார். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து ‘செல்வம் குமார்’ என்று போட்டிருப்பார். அதற்கடுத்த ஜர்னல் அப்பா பெயரையும் அவர் பெயரையும் இடம் மாற்றி ‘செல்வம் கே’ என்று அச்சிடும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று அலைகிற கதைதான். ஸ்கோப்பஸ் இந்த ஒருவரையே மூன்று பேராகப் பதிவு செய்துகொள்ளும்.

இதனால் வரும் இழப்பை மேலே போட்ட கணக்கிலேயே காட்டலாம். அந்த ஒன்பது கட்டுரைகளும் இரண்டு பெயர்களில் பிரிந்து, ஒன்றில் 40, 12, 7, 5, 1 என்றும் மற்றொன்றில் 18, 9, 6, 3 என்றும் விழுந்தால், முதலாமவரின் எச்-இண்டெக்ஸ் 4, இரண்டாமவருடையது 3. உண்மையில் இருப்பவர் ஒருவர், அவருடையது 6. இப்படிப் பிரிந்து கிடப்பவர் எந்தப் பட்டியலிலும் எளிதில் ஏற மாட்டார்.

நேர்மாறாகவும் நடக்கும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ‘குமார் எஸ்’ என்று தேடினால் நாடு முழுக்க உள்ள அத்தனை எஸ். குமாரும் ஒன்றாக வருவார்கள். பழைய கட்டுரைகளில் முழுப்பெயர் இருக்காது, முதலெழுத்துதான் இருக்கும் என்பதால் பிரிப்பது இன்னும் கடினம். வேலூர் நரம்பியல் துறையிலேயே ஜேக்கப் சாண்டி, மேத்யூ சாண்டி என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். முன்னவர் ‘சாண்டி ஜே’, பின்னவர் ‘சாண்டி எம்ஜே’. ஓர் எழுத்தைக் கவனிக்கத் தவறினால் இரண்டு தலைமுறையின் வேலை ஒருவர் கணக்கில் போய்விடும்.

தீர்வு ஆர்க்கிட் எண். ஆய்வாளருக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே, 16 இலக்கம், இலவசம். பெயரை எப்படி அச்சிட்டாலும் எண் மாறாது. ஸ்கோப்பஸில் பிரிந்து கிடக்கும் பதிவுகளை ஒன்றுசேர்க்கும்படி ஆய்வாளரே கோரிக்கை வைக்கலாம். ஆய்வு தொடங்கும் மாணவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே பெயரின் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, கடைசிவரை அதையே பயன்படுத்துவது நல்லது. முதல் ஐந்து ஆண்டில் செய்யும் குழப்பத்தைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

2 சதவீதப் பட்டியல் எப்படித் தயாராகிறது

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ், கெவின் பொயாக், ஜெரோன் பாஸ் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கியது இது. முதல் பட்டியல் 2019ல் வெளிவந்தது. பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது அல்ல. யாரும் விண்ணப்பிப்பதில்லை, யாரும் தேர்வு செய்வதும் இல்லை. கணினி வரிசைப்படுத்தும் ஒரு தரவுத் தொகுப்பு, அவ்வளவே.

ஆறு அளவுகளை ஒன்றாக்கி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள்: மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், எத்தனை பேர் சேர்ந்து எழுதினார்கள் என்பதைக் கழித்துப் பார்க்கும் திருத்திய எச்-இண்டெக்ஸ், தனியாக எழுதியவற்றுக்கான மேற்கோள், தனியாகவோ முதல் பெயராகவோ எழுதியவற்றுக்கானது, தனி, முதல், கடைசி ஆகிய மூன்றில் ஒன்றாக எழுதியவற்றுக்கானது. கடைசி மூன்றையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. உயிர்மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவர் என்பது வழக்கம். நூற்றுக்கணக்கானோர் கூட்டாக எழுதும் உலகளாவிய நோய்ச்சுமைக் கட்டுரைகளில் நடுவே ஒரு பெயராக இருந்தாலும் ஆயிரக்கணக்கான மேற்கோள் முழுதாக வந்து சேரும். அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு.

மொத்தத்தில் முதல் ஒரு லட்சத்துக்குள் வருபவர், அல்லது தன் உட்பிரிவில் முதல் 2 சதவீதத்துக்குள் வருபவர் பட்டியலில் இடம்பெறுவார். உட்பிரிவுகள் 174. செய்தியைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வாழ்நாள் முழுவதற்குமானது, மற்றொன்று ஒரே ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோளை மட்டும் பார்ப்பது. ‘நேற்று வந்தவர்’ பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். செய்தியில் எந்தப் பட்டியல் என்று எழுதாவிட்டால் செய்தி பாதிதான்.

2. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைச் சேர்த்தும், நீக்கியும் இரு வரிசை எண்கள் தரப்படுகின்றன. இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். ஓரளவு சுயமேற்கோள் இயல்பு. தொடர் ஆய்வு செய்கிறவர் தன் முந்தைய படியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

3. வாழ்நாள் பட்டியலும்கூட 1996 முதல் கிடைத்த மேற்கோளையே எண்ணுகிறது. அதற்கு முன் கிடைத்தது கணக்கில் இல்லை. இது ஏன் முக்கியம் என்பதற்கு அடுத்த பகுதியே சான்று.

மறையும் கட்டி: வேலூரில் நடந்த மாற்றம்

1980களில் இந்திய நகரங்களுக்கு சிடி ஸ்கேன் வந்தபோது மருத்துவர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். ஃபிட்ஸ் வந்து ஸ்கேன் எடுத்தவர்களில் பலருக்கு மூளையில் சின்னதாக ஒரே ஒரு கட்டி தெரிந்தது. கட்டியை எடுத்துக்காட்டும் சாயமருந்து ஏற்றிய படத்தில் வெள்ளை மோதிரம் போன்ற வளையம், அதைச் சுற்றி நீர்கோத்த கறுப்பு நிழல். காசநோய் மிகுந்த நாடு என்பதால் பெரும்பாலோர் இதை டிபி கட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். பல மாதங்களுக்கு டிபி மாத்திரைகள். திரும்ப ஸ்கேன் எடுத்தால் கட்டி மறைந்திருக்கும். மாத்திரை வேலை செய்தது என்று முடிவு கட்டப்பட்டது.

இந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மாத்திரை எடுக்காதவர்களுக்கும் கட்டி மறைந்தது. மறைவதை வைத்து மருந்துக்குப் பெயர் கொடுக்க முடியாது. கட்டியையே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட குழு அதைச் செய்தது. அறுவை செய்து எடுத்த கட்டிகளில் அவர்கள் கண்டது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவப் பை, அதாவது சிஸ்டிசெர்கஸ். 1989ல் லான்செட் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள்.

புழு சாகும் தறுவாயில் உடம்பின் எதிர்ப்பு அதைச் சூழ்ந்துகொள்கிறது. அந்த அழற்சிதான் வளையமாகத் தெரிகிறது, ஃபிட்ஸையும் கிளப்புகிறது. அழற்சி அடங்கினால் கட்டி தானே மறையும், அல்லது சுண்ணாம்புப் புள்ளியாகத் தங்கும். டிபி மாத்திரை தேவையே இல்லை. தேவையில்லாமல் கொடுத்தால் கல்லீரலைக் கெடுக்கும், அந்த மருந்துகளில் ஒன்று கண் நரம்பையும் பாதிக்கும்.

ஆனால் ஒவ்வொருவருக்கும் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. திறக்காமல் பிரித்தறியும் விதி வேண்டும். 1993ல் அதே குழு அத்தகைய விதியை வெளியிட்டது. அதன் சாரம்:

1. நோயாளிக்கு ஃபிட்ஸ் இருக்க வேண்டும். மூளைக்குள் அழுத்தம் ஏறியதற்கான நீடித்த அறிகுறி இருக்கக் கூடாது.

2. கை கால் பலவீனம் போன்ற குறை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகக் கூடாது.

3. உடம்பில் வேறெங்கும் டிபி போன்ற நோய் தீவிரமாக இருக்கக் கூடாது.

4. ஸ்கேனில் கட்டி ஒன்றே ஒன்றாக, சாயமருந்தை வாங்கி ஒளிர்வதாக, 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இருக்கக் கூடாது.

இவை அனைத்தும் பொருந்தினால், வலிப்பு மருந்து மட்டும் கொடுத்து, சில வாரங்கள் அல்லது மாதங்கள் பொறுத்துத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். கட்டி பெரிதானால் மட்டும் யோசனையை மாற்றலாம். ஓர் எளிய அளவுகோலும் பொறுமையும் ஆயிரக்கணக்கானோரை அறுவையிலிருந்தும் வீண் மாத்திரையிலிருந்தும் காப்பாற்றின. இந்த வேலையின் பெருமை இங்கேதான் இருக்கிறது. 2001ல் நியூராலஜி இதழில் வெளிவந்த சர்வதேச நோயறி விதிகளை எழுதியவர்களில் ராஜசேகரும் ஒருவர்.

அடுத்த படி சமூகத்துக்குள் போனது. 2006ல் அதே இதழில் வந்த ஆய்வு, அப்போதைய வேலூர் மாவட்டத்தின் கிராமங்களிலும் நகரிலும் 50,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தது. தொடர்ந்து வலிப்பு உள்ளவர்கள் ஆயிரத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது. இன்று அந்தப் பரப்பு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகிவிட்டது.

பன்றிக்கறி சாப்பிட்டால்தான் இது வரும் என்ற எண்ணம் தவறு. வேகாத கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது புழுவின் முட்டையை விழுங்குவதால். குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கையிலும் காய்கறியிலும் தண்ணீரிலும் முட்டை வரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கும் வரும்.

இப்போது மேற்கோள் கணக்குக்குத் திரும்புவோம். 1989 கட்டுரை சூடாக விவாதிக்கப்பட்ட முதல் ஏழு ஆண்டுகள் 2 சதவீதப் பட்டியலின் எண்ணிக்கைக்கு வெளியே. விதி ஏற்கப்பட்டுப் பாடப்புத்தகத்தில் ஏறிய பிறகு மூலக்கட்டுரையை யாரும் தேடிக் குறிப்பிடுவதில்லை, பாடப்புத்தகத்தைக் குறிப்பிடுவார்கள். ஒரு கிராமத்து மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து டிபி மாத்திரை எழுதாமல் விட்டால், அதற்கு மேற்கோள் விழாது.

எந்த வகைக் கட்டுரை என்பதும் முக்கியம்

எதிர்முனையில் லண்டனின் கார்ல் ஃபிரிஸ்டன். உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் மூளை ஆய்வாளர்களில் ஒருவர். மூளைப் படங்களைப் புள்ளியியல் முறையில் அலசும் எஸ்பிஎம் என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். மூளைப் படம் எடுத்து ஆராயும் எவரும் கருவியைக் குறிப்பிட்டாக வேண்டும். கருவியும் முறையும் தருகிறவர்களுக்கு மேற்கோள் குவிவது எல்லாத் துறையிலும் நடப்பதுதான்: புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன 1951ஆம் ஆண்டு லௌரி கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல். ஒட்டுமொத்தத் துறையின் வேலையையும் சாத்தியமாக்கிய பங்களிப்பு என்பதால் இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனையில் நோயாளி பார்த்துக்கொண்டே எழுதுகிறவரின் எண்ணை இதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. 2 சதவீதப் பட்டியல் பெரும்பாலும் இவர்கள் எல்லோரையும் ‘நரம்பியலும் நரம்பு அறுவையும்’ என்ற ஒரே உட்பிரிவில்தான் போடுகிறது.

ஆய்வுக்கட்டுரையே இல்லாத தாக்கமும் உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, 1949ல் வேலூரில் நாட்டின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். 1951ல் பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார். இங்கே பயின்றவர்கள் மற்ற ஊர்களில் துறைகளைத் தொடங்கினார்கள். ஒரு நாட்டுக்கே நரம்பு அறுவையைக் கற்றுக்கொடுத்தவரின் பங்கை எந்த இண்டெக்ஸாலும் எட்ட முடியாது.

மேற்கோள் அதிகம் என்பதால் உண்மை ஆகிவிடாது

அல்ஸைமர் நோய்க்குக் குறிப்பிட்ட ஒரு புரதத் திரள்தான் நினைவிழப்பைத் தருகிறது என்று 2006ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏறத்தாழ 2,500 மேற்கோள் பெற்றது. படங்களில் மாற்றம் செய்யப்பட்டிருப்பதாக 2022ல் கேள்வி எழுந்தது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற பிறகும் பழைய மேற்கோள்கள் எண்ணிக்கையிலேயே இருக்கும்.

மோசடி இல்லாத இடத்திலும் பலவீனம் உண்டு. 2013ல் 730 நரம்பியல் ஆய்வுகளை அலசியபோது, உண்மையிலேயே இருக்கும் ஒரு விளைவைக் கண்டுபிடிக்கும் திறன் நடுமதிப்பில் 21 சதவீதமே என்று தெரிந்தது. சேர்த்துக்கொண்ட ஆட்களின் எண்ணிக்கை போதாததுதான் முதன்மைக் காரணம். அப்படிப்பட்ட சிறிய ஆய்வில் ஏதாவது அகப்பட்டால், அகப்பட்டதன் அளவும் பெரும்பாலும் மிகையாகவே இருக்கும். ஆயிரம் மேற்கோள் உள்ள ஓர் ஆய்வில் இருபது பேர்தான் கலந்துகொண்டார்கள் என்றால், அந்த இருபதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒருவரின் ஆய்வை நீங்களே சரிபார்க்க

1. ஆர்க்கிட் எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் பெயரோடு ஊரையும் நிறுவனத்தையும் சேர்த்துப் பப்மெட்டில் தேடுங்கள். எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். மேலே சொன்ன ராஜசேகரின் பெயர் ஆங்கிலத்தில் ‘ராஜ்ஷேகர்’ என்ற கூட்டலில் இருக்கும். நம் வழக்கப்படி தட்டினால் வேறு ஆட்களின் கட்டுரைகளே வரும்.

2. அதிகம் மேற்கோள் பெற்ற முதல் ஐந்து கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயர் எந்த இடத்தில்? மொத்தம் எத்தனை பேர்? அது சொந்த ஆய்வா, தொகுப்புக் கட்டுரையா, ஒற்றை நோயாளி பற்றிய குறிப்பா?

3. வெளியிட்ட ஜர்னல், பப்மெட்டில் தேர்ந்தெடுத்த ஜர்னல்களைக் கொண்ட மெட்லைன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே செய்யாமல் வெளியிடும் போலி ஜர்னல்கள் பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்படும் இடங்களைக் குறிவைக்கின்றன. ‘மூன்று நாளில் ஏற்கப்படும்’ என்று விளம்பரம் செய்வது முதல் அபாயக்குறி. காசு வாங்குவது மட்டுமே குற்றமல்ல, நல்ல ஜர்னல்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. மதிப்பாய்வு நடந்ததா என்பதே கேள்வி.

4. கட்டுரைப் பக்கத்தின் மேலே திரும்பப் பெறப்பட்டதாகவோ திருத்தப்பட்டதாகவோ குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

5. அந்த நோய்க்கான சிகிச்சை வழிகாட்டி ஒன்றைத் திறந்து, அதன் மேற்கோள் பட்டியலில் அவர் பெயரைத் தேடுங்கள். நூறு சாதாரண மேற்கோளைவிட வழிகாட்டியில் ஒரு மேற்கோள் எடை கூடியது. மேலே சொன்ன புழு மூளையைத் தாக்கும் நோயான நியூரோசிஸ்டிசெர்கோசிஸுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

நோயாளி குடும்பத்துக்கு

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க எச்-இண்டெக்ஸைப் பார்க்க வேண்டாம். அது ஸ்கேனைப் படிக்கும் கண்ணையோ கத்தி பிடிக்கும் கையையோ அளப்பதில்லை. பட்டியலில் பெயர் இல்லாத மருத்துவரும் பட்டியலில் உள்ளவர் கண்டுபிடித்த விதியை வைத்தே உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

வீட்டில் ஒருவருக்கு முதல்முறை ஃபிட்ஸ் வந்து, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ரிங் என்ஹான்ஸிங் லீஷன்’ (வளையமாக ஒளிரும் கட்டி) என்று எழுதியிருந்தால் கேட்க வேண்டியவை வேறு. கட்டி ஒன்றா, பலவா? எத்தனை மில்லிமீட்டர்? டிபி என்றால் எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறீர்கள்? திரும்ப ஸ்கேன் எப்போது? கட்டி மறைந்தால் வலிப்பு மாத்திரையை எப்போது, எந்த அளவில் குறைப்பீர்கள்? சுண்ணாம்புப் புள்ளி தங்கிவிட்டால் ஃபிட்ஸ் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மாத்திரை நீளக்கூடும். ஃபிட்ஸ் நின்றுவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பழைய ஸ்கேன் படங்களையும் சிடியையும் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை கையோடு கொண்டுபோங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்று மருத்துவரால் சொல்ல முடியும்.